மனுதாரர் கடற்கரைக்குச் செல்லவில்லை

புதன்கிழமை மாலை ஆபீஸில் மீட்டிங் என்று நான் வீட்டில் சொல்லிவைத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்படி ஒரு மீட்டிங் எங்கள் ஆபீஸில் கிடையவே கிடையாது. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் மனுக்களை வாங்கிச் சரிபார்த்து, பதிவு எண் போடும் கிளார்க் நான். என்னைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் பைத்தியம் பிடித்துவிடவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டியை வீடு இருக்கும் சுரக்குடி பக்கம் திருப்பாமல் கடற்கரைச் சாலையில் விடுவேன். அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வரிசையாகச் சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவித்த கடலை ஒரு பொட்டலம் சாப்பிடுவேன். ஆறே முக்காலுக்கு எழுந்து வீட்டுக்குப் போவேன். அவ்வளவுதான் என் ரகசியம்.

வீட்டில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆபீஸிலும் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேடம், அம்மா, பிரதீபா, அண்ணி, சித்தி. அந்த முக்கால் மணி நேரம் மட்டும் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அதனால்தான் மீட்டிங் என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பேர் கலைவாணன். சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். தங்கமான மனிதர். ஆனால் ஒரு விஷயம் காதில் விழுந்தால் அது வயிற்றில் தங்காது, உடனே நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் செல்போன் வாங்கிய அன்று கடையில் அவர் ஒரு சட்டம் போட்டார்.

"வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டுதானே? அதேமாதிரி ஒரு ஈமெயில் போதும். ஆளுக்கொன்னு வச்சுக்கிட்டா அப்புறம் குடும்பம்னு எதைச் சொல்றது?"

கடைக்காரப் பையனுக்கு என்ன வந்தது? மூன்று போனையும் ஒரே ஈமெயிலில் சேர்த்துக் கொடுத்துவிட்டான். படம் போடுகிற செயலியிலும் மூன்று பேருக்கும் ஒரே கணக்குதான். பெயர் 'சுரக்குடி கலைவாணன் பிரதீபா'. முகப்புப் படத்தில் மட்டும் நான் தனியாக, மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் இருப்பேன். சேர்ந்து எடுத்த எல்லாப் படத்திலும் அவர் கண்ணை மூடியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வயலிலிருந்து வந்தவர், கால் கழுவாமலேயே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓவியா, இங்க வா. சென்ற மாதம் நீங்கள் அதிகம் சென்ற இடங்கள்னு அனுப்பியிருக்கான். வீடு சரி. வயல் சரி. அம்மா ஆபீஸு சரி. காரைக்கால் கடற்கரை, நான்கு முறை, புதன்கிழமைகளில், சராசரி நாற்பத்தாறு நிமிடம்னு போட்டிருக்கான். நீ போனியா?"

என் கையிலிருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மகள் ஓவியா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "என் போன் அதுல இல்லப்பா. ப்ளஸ் டூ படிக்கும்போதே நான் தனியா போயிட்டேன்" என்றாள்.

"தனியான்னா?"

"தனி ஈமெயில்ப்பா. அந்தக் கணக்குல இப்ப நீங்களும் அம்மாவும் மட்டும்தான் இருக்கீங்க."

அவள் வீட்டை விட்டு ஓடிப்போன சேதியைக் கேட்டதுபோல அவர் மகளைப் பார்த்தார். பிறகு, "அம்மாவுக்குப் புதன்கிழமை மீட்டிங். நான் பீச்சுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவுது. அப்ப எவனோ நம்ம கணக்கைத் திருடிட்டு, நம்ம பேர்ல பீச்சுக்குப் போறான்!" என்றார்.

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்படி நம்பினால் என்ன செய்வது? தோசை கருகிவிட்டது.

ஓவியா பின்கட்டுக்கு வந்து என் காதருகே, "ஏம்மா, மீட்டிங்ல கடலை குடுக்கறாங்களா? ஸ்கூட்டி டிக்கி முழுக்கத் தோலு கெடக்கு" என்றாள்.

"வாயை மூடு. அந்தப் போனுக்கு நான் உக்காந்த கணக்கு எதுக்குடி?"

"எங்க போற, எவ்வளோ நேரம் நிக்கிற, பக்கத்துல யாரு போன் இருக்கு, எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கும்மா. வெளம்பரம் போடத்தான்."

"ஒண்ணும் பண்ணாம உக்காந்ததுக்கு என்னடி வெளம்பரம் போடுவான்?"

போட்டான். மறுநாளே மடக்கு நாற்காலி வந்தது. அதற்கடுத்த நாள் முதுகுவலித் தைலம். மூன்றாம் நாள், ஒரு பெண் ஜன்னலோரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் படத்தோடு, 'தனிமையில் வாடுகிறீர்களா? மனம் விட்டுப் பேச எங்களை அழையுங்கள்' என்று வந்தது. எல்லாமே அவர் போனுக்கும் வந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தத் திருட்டுப்பய பாவம், ரொம்பத் தனியா இருக்கான்போல" என்றார்.

ஆனாலும் திருட்டு திருட்டுதானே? போலீஸில் மனு கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். வெள்ளைத்தாளில் அவரே எழுதி, சரிபார்க்க என்னிடம் நீட்டினார். வீட்டில் மனு எழுதத் தெரிந்தவள் நான்தானே!

'ஐயா, வணக்கம். எனது பெயரில் யாரோ ஒரு நபர் புதன்கிழமைதோறும் காரைக்கால் கடற்கரைக்குச் சென்று நாற்பத்தாறு நிமிடம் இருந்துவிட்டு வருகிறார். மனுதாரராகிய நான் கடற்கரைக்குச் செல்லவில்லை என்பதை உறுதியாகக் கூறுகிறேன். மேற்படி நபரைக் கண்டுபிடித்து, அவர் அங்கே என்ன செய்கிறார் என்று விசாரித்து, இனிமேல் செல்லாதவாறு தடுத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

என்னைப் பற்றிய புகாரை நானே படித்து, ஒற்றுப்பிழை திருத்தினேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். இனிமேல் செல்லாதவாறு தடுத்து! போலீஸுக்கு ஏன் அந்தச் சிரமம்? உண்மையைச் சொன்னாலே போதும், எனக்கு அந்த பெஞ்சு போய்விடும். இவர் தடுக்கமாட்டார், திட்டமாட்டார். ஆனால் போய்விடும். இதை எழுத்தில் விளக்க என்னால் முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். இருபது வருஷமாக மனுக்களைத் திருப்பி அனுப்பும் வித்தை அது.

"எதிர்மனுதாரர் பேர் எங்க?" என்றேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் மனு குடுக்கறேன்?"

"பேர் இல்லாம குடுத்தா எடுக்கமாட்டாங்க. நானே தெனம் பத்து மனு அப்படித்தான் திருப்பறேன். பேர், முகவரி, அடையாளம், மூணும் வேணும். ரெண்டு நகல் வேற."

முகம் தொங்கிப்போய் மனுவை மடித்துக்கொண்டு போனார். அந்தப் புதன்கிழமை நான் நிம்மதியாகக் கடலை சாப்பிட்டேன். மனுவின் கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இருபது வருஷ சர்வீஸில் எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்: நான் கேட்ட பேர், முகவரி, அடையாளம் மூன்றையும் அந்தச் செயலி வைத்திருந்தது.

பத்து நாளில் அவர் கூடத்திலிருந்து கூச்சல் போட்டார். "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்னு யாரையோ காட்டறான். சேக் அலாவுதீன், பெயிண்ட் கடை, காரைக்கால். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, ஐம்பத்தைந்து வயசு இருக்கும். "தெரியாது" என்றேன். அது சத்தியமான உண்மை.

"இல்ல, தெனம் காட்டறான். தெரியாதவனை ஏன் காட்டணும்?"

"ரெண்டு போன் அடிக்கடி ஒரே நேரத்துல ஒரே எடத்துல இருந்தா அப்படிக் காட்டும்னு சொல்றாங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓவியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப புதன்கிழமை பீச்சுல இருக்கறவன் இவன்தான்! மாட்டுனான்! பிரதீபா, பேர் கெடச்சுருச்சு, முகவரி கெடச்சுருச்சு, அடையாளம் தாடி. போதுமா?"

எல்லாம் சரியாக இருக்கும் மனுவை எந்த கிளார்க்காலும் திருப்ப முடியாது.

அடுத்த புதன்கிழமை அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, அங்கிருந்தே போலீஸுக்குப் போவது என்று திட்டம். "நீ மீட்டிங்கை முடிச்சுட்டு மெதுவா வா" என்று எனக்கு உத்தரவு. அன்று ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் என் பெஞ்சு தப்பிக்கும். முகம் தெரியாத ஒரு மனிதர் திருடனாக ஸ்டேஷனில் நிற்பார். ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டியை எடுத்தேன். கடற்கரைக்குத்தான் விட்டேன்.

என் பெஞ்சிலிருந்து மூன்று பெஞ்சு தள்ளி ஒரு முதுகு தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அது அங்கேதான் இருந்திருக்கிறது. முகத்தைத்தான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அந்த முதுகுக்கு முன்னால் மனுவோடு நின்றுகொண்டிருந்தார்.

"பாய், நீங்க சேக் அலாவுதீன்தானே?"

"ஆமாங்க."

"என் பேர்ல நீங்க ஏன் இங்க வர்றீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் என் பேர்லதாங்க வர்றேன்."

"அதை ஸ்டேஷன்ல சொல்லுங்க. நாப்பத்தாறு நிமிஷம், கணக்கு இருக்கு."

நான் ஓடிப்போய் வாயைத் திறப்பதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. புர்கா போட்ட ஓர் அம்மாள் இறங்கி விறுவிறுவென்று வந்தார். கையில் போன். போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் நான்.

"இந்தப் பொம்பளதானே?" என்றார் அலாவுதீனிடம். "இவளைத் தெரிஞ்சிருக்கலாம், தெரிஞ்சிருக்கலாம்னு ஒங்க போனு ஒரு மாசமா காட்டிக்கிட்டே இருக்கு, அதைப் படம் புடிச்சு என் போன்ல வச்சிருக்கேன். கடையில ஸ்டாக் எடுக்கறேன்னு சொல்லிட்டு இங்க என்ன ஸ்டாக் எடுக்கறீங்க?"

"அல்லாஹ்வே! ஷஃபீனா, இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, என் பொண்டாட்டி போட்டோ ஒங்க கையில எப்படி?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மீட்டிங் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் அந்த மனிதர் அதைத்தான் கேட்டார்!

"மீட்டிங்கே கெடையாதுங்க" என்றேன். "புதன்கிழமை இங்க வர்றது நான்தான். மூணு வருஷமா வர்றேன்."

கடலைக்காரர்கூட வண்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நீயா? எதுக்கு?"

"சும்மா உக்காரத்தான்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. தனியா."

அலாவுதீன் மனைவி பக்கம் திரும்பி, "ஷஃபீனா, நானும் அதுக்குத்தான் வர்றேன்" என்றார். "கடையிலயும் ஆளு, வீட்டுலயும் ஆளு. கொஞ்ச நேரம் யாரும் இல்லாம இருக்கலாம்னுதான்."

ஷஃபீனா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வேற பொம்பளன்னு சொல்லியிருந்தா ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். யாருமே இல்லன்னு சொல்றீங்களே, நான் யாரோட போயி சண்டை போடறது?" என்று அழ ஆரம்பித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்க்கவே முடியவில்லை. கையிலிருந்த மனுவை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"வீட்டுல ஒனக்கு உக்கார எடமில்லயா?"

"இருக்கு."

"நான் ஏதாச்சும் சொன்னனா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் மூணு வருஷம் பொய் சொன்ன? என்கிட்ட சொல்லியிருந்தா விடமாட்டேனா?"

"விட்டிருப்பீங்க. கூடவே வந்திருப்பீங்க."

"வந்தா என்ன?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் அவர் மனசு நோகும். அதனால் சொல்லவில்லை. சொல்லாததும் தப்பாகப் போனது. அடுத்த புதன்கிழமை என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஓவியாவையும் கூட்டிக்கொண்டு, கோரைப்பாய், பிளாஸ்க், ஒரு டப்பா மெதுவடையோடு வந்துவிட்டார். போதாக்குறைக்கு ஷஃபீனாவுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அவர்கள் சமோசாவோடு வந்தார்கள். என் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். இவர் ஒன்பது போட்டோ எடுத்தார். 'கடலோரம் இரு குடும்பம்' என்று அங்கேயே செயலியில் போட்டுவிட்டார். சித்தப்பா வீட்டிலிருந்து, எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று உடனே கேட்டார்கள். அடுத்த வாரம் வாருங்கள் என்று இவரும் பதில் போட்டார். என் முக்கால் மணி நேரம் என் கண்ணெதிரே ஒரு கல்யாணப் பந்தி ஆகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. வடையைக் கடித்துக்கொண்டேன்.

ஷஃபீனாவும் இவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அலாவுதீன் கடலைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினார். மூன்று வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தங்கச்சி, இனிமே நான் திங்கக்கிழமை வந்துக்கறேன். ஒங்களுக்கு வியாழக்கிழமை தோதுப்படுமா? நான் போனைக் கடையில சார்ஜ்ல போட்டுட்டுத்தான் வருவேன்."

அவ்வளவு பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை. ஆனால் மறுபடியும் பொய்யில் ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன்.

"வியாழக்கிழமை ஏழு மணி வரைக்கும் நான் எங்க இருக்கேன்னு கேக்காதீங்க. போனும் என்கூட வராது. நான் வீட்டைப் புடிக்காம போகல. ஒங்களையும் புடிக்காம போகல. எனக்கு அந்த நேரம் வேணும், அவ்வளோதான்."

"ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

"போன் வாங்கறதுக்கு முந்தியும் நான் வெளிய போயி வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஓவியாவைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குத் தனியா ஒரு ஈமெயில் போட்டுக் குடு" என்றார். நிலத்தைப் பாகம் பிரித்துக் கையெழுத்துப் போட்ட மாதிரி போய்ப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை போனை ஆபீஸ் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். முதல் பத்து நிமிஷம் கை தானாகக் கைப்பைக்குள் போய்ப் போய் வந்தது. நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்ததும் பயம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே நினைப்பு அப்படி ஒரு சந்தோஷமாகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க ஆள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரைக் காணோம். வயலில் இல்லை. டீக்கடையில் இல்லை. ஆறானது, ஆறரையானது. போன் போட்டேன். டிவி மேலிருந்து மணி அடித்தது.

"ஓவியா, ஒங்கப்பா எங்கன்னு அந்த மேப்புல பாருடி."

"மேப்புல அப்பா டிவி மேல இருக்காரும்மா."

அவர் இல்லாத மேப்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா, யார் வீட்டிலாவதா? தெருமுனை வரை மூன்று தடவை போய் வந்தேன். ஏழு மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலையைப் படிய வாரியிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். கேட்டுவிடுவாளோ என்ற பயம் அந்தப் பார்வையில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"தோசை ஊத்தட்டுங்களா?" என்றேன்.

அவர் கை கழுவப் போன சமயத்தில் வாசலில் கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். சேறும் இல்லை, மணலும் இல்லை. நாலு தோசை சாப்பிட்டார், ரசித்துச் சாப்பிட்டார். எங்கே போனார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.